சிலுவைக்கு ஒரு வரி

ஜேசுதாஸ் கிணற்றடியில் பல் விளக்கினான். மாமனார் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்தான். தாடையில் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டது, படிகாரத்தைத் தேய்த்தான். வெள்ளைச் சட்டையை மாட்டினான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியை மாமியார் ரெபேக்காள் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு முன்னறைக்கு வந்தான். அங்கே பெட்டிக்குள் சாராள் கிடந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை.

வாசலில் திருப்பதி கறுப்புப் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தான். ஏலக்காய் மூட்டைகளில் வியாபாரிகளின் இங்கிலீஷ் எழுத்து அடையாளங்களைப் போடுகிறவன். எழுதப் படிக்கத் தெரியாது. கல்லறையில் நடப்போகும் மரச்சிலுவையில் பேரையும் வருஷத்தையும் தமிழில் போட்டு முடித்திருந்தான். அதற்குக் கீழே காலியாக இருந்தது.

"எழுதிக் குடுங்கண்ணே. தலைகீழா எழுதிக் குடுத்தாலும் அப்படியே எறக்கிருவேன்."

மாமனார் தானியேல் பின்னாலேயே வந்தார்.

"வெரசா மாப்ளே. போதகர் வந்துட்டாரு. வெள்ளைக்காரத் தொரைமாரு சிலுவையிலதான் இங்கிலீசுப் பாட்டு இருக்கு. போடியில நம்ம ஆளுக எவனுக்கும் கெடையாது. பி.ஏ. படிச்ச மாப்ளைக்குக் கட்டிக் குடுத்திருக்கேன், எம்பொண்ணுக்கு ஒரு வரி இல்லையா?"

ஜேசுதாஸ் பென்சிலை வாங்கிக்கொண்டான்.

வரிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய இரங்கற்பாட்டில் கிரேக்கத்து இடையன் செத்த தோழனுக்காகக் குழல் ஊதினான். அந்தக் குழலை ரோமாபுரிக்காரன் வாங்கி ஊதினான். அவனிடமிருந்து இத்தாலிக்காரன், பிறகு பிரெஞ்சுக்காரன், கடைசியில் இங்கிலீஷ்காரன். ஐரோப்பா பூராவும் ஒரே வீடு, ஓர் அறையில் சாவு விழுந்தால் மற்ற அறைகளிலும் அழுவார்கள் என்று மதுரைக் கல்லூரியில் பேராசிரியர் சொன்னபோது ஜேசுதாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வீட்டில் தனக்கும் ஒரு மூலை இருக்கும் என்று நம்பினான். படிப்பு முடிந்ததும் மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலைதான் கிடைத்தது.

தோட்டத்து வீட்டில் சாயங்காலங்களில் அவன் அந்தப் பாட்டுகளை வாசித்து அர்த்தம் சொல்லுவான். சாராள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"செத்தவனுக்கு இடையன் உக்காந்து பாட்டுப் படிச்சா, ஆட்ட யாருங்க பாக்குறது? அந்த ஊர்ல யாருக்குமே சோலி கெடையாதா?"

அவன் கோபித்துக்கொள்வான். அவள் அரிசியைப் புடைப்பாள்.

"என்ன மாப்ளே யோசனை?" தானியேல் குரலைத் தாழ்த்தினார். "கடைசியா அவளுக்கு வாசிச்சுக் காட்டுனீங்களே, அந்த வரியவே குடுங்க. கேட்டுக்கிட்டே சிரிச்ச மொகமா அடங்கிட்டான்னு போதகர்ட்டச் சொல்லிட்டேன். செபத்துல சொல்றேன்னாரு."

வாசித்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும்தான் ஜேசுதாஸ் அவரிடம் சொல்லியிருந்தான். சிரித்த முகம் அவர் சேர்த்தது.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான்.

"பேரு போதும் மாமா."

"என்னது?"

"பேரு போதும்."

தானியேலின் முகம் கறுத்தது. "அப்ப நீங்க படிச்ச படிப்பு தோட்டத்துக்குக் கடுதாசி எழுதத்தானா? ஊரே கூடியிருக்கு மாப்ளே. நான் சொல்லிட்டேன்."

திருப்பதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான்.

தெருவில் தானியேலின் ஜீப்பு நின்றது. பெட்டியை ஏற்ற அதைத்தான் கழுவி வைத்திருந்தார்கள். எத்தனை வாளி ஊற்றியும் ஏலக்காய் வாசனை போகவில்லை. சாராளுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று தோட்டத்து ஆள் விடியலில் இறங்கி வந்து தானியேலிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். மலைக்காய்ச்சல்தானே, ஜீப்பு லோடு எடுக்கப் போயிருக்கு, மூட்டையை இறக்கிவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். வண்டி தோட்டத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, சாராளின் உயிரும் போயிருந்தது. பகல் பூராவும் ஜேசுதாஸ் ஈரத்துணியை மாற்றினான். கஷாயம் வைத்தான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், கட்டிலருகே உட்கார்ந்து, கையில் கிடைத்த புத்தகத்தைச் சத்தமாக வாசித்தான். நல்ல உச்சரிப்பு. கல்லூரியில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறான்.

உள்ளேயிருந்து ரெபேக்காள் வந்தாள். பிணம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்மக கடைசியா என்ன சொன்னா?"

"அதான் சொன்னேனே," என்றார் தானியேல். "பாட்டக் கேட்டுக்கிட்டே..."

"உங்களக் கேக்கல. கூட இருந்தவரக் கேக்குறேன்."

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜேசுதாஸ் ஜீப்பைப் பார்த்தான். பின்பக்கத் தகரத்திலிருந்து கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாப்ளே."

"சொல்றேன் அத்தை," என்றான். சாராள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"அந்தப் பொஸ்தகத்த மூடி வச்சிட்டு, அப்பா ஜீப்பு வருதான்னு பாருங்க."