இளைத்துப்போன வளையங்கள்

நேற்று சாயங்காலம் மூன்று வளையங்களும் சிக்கென்று இருந்தன. ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் குழாய்க்குள் இறக்கினேன், தட்டித்தான் வெளியே எடுத்தேன். இன்று காலை அதே வளையங்கள் வழுக்கிக்கொண்டு உள்ளே போகின்றன. இருபது வருஷமாக அலமாரி செய்கிறவள் நான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பட்டறை என்னுடையது, ராக்கெட் என் நாத்தனாருடையது. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஆள் உயர ராக்கெட் விடுகிற பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ! வீட்டில் அவளை வாண்டு என்போம். ராக்கெட்டின் பெரிய குழாய்க்குள் மோட்டாருக்கென்று ஒரு சின்னக் குழாய். அதை நடுவில் பிடித்து நிறுத்துவதற்குத்தான் இந்த பிளைவுட் வளையங்கள். விளிம்பில் எபாக்சி பசை தடவி உள்ளே தள்ள வேண்டும். நாளை மறுநாள் ராக்கெட் சங்கத்துக்காரர்கள் கண்ணெதிரே பறந்து, உடையாமல் இறங்கினால்தான் பெரிய மோட்டாருக்கு அவளுக்கு அனுமதி.

ஆறு மாதத்துக்கு முன் ஒருமுறை முயன்றாள். மோட்டார் வளையங்களைப் பிய்த்துக்கொண்டு மூக்கு வழியாக வெளியே போனது, ராக்கெட் மட்டும் ஏவுகிற கம்பியிலேயே நின்றது. "நான்தான் பசையைச் சரியா கலக்கல" என்று எல்லாரிடமும் சொன்னாள். சங்கத்தில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை. நானும் சிரித்தேன். என் வளையத்தில் ஒரு குறை சொல்ல முடியாது என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர் குறைவு. ஈரத்தில் மரம் ஊதும், ஒரே ராத்திரியில் இளைக்குமா? குழாய் மாறிவிட்டதா என்றால் என் பென்சில் குறி அப்படியே இருந்தது. வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"நீங்க கை வெச்சீங்களா?"

"எனக்கு எது மேல், எது கீழ்னே தெரியாது. ஆளை விடு."

அந்த நேரம் பார்த்து வாண்டு பசை கலந்த டப்பாவோடு வந்தாள்.

"வளையமெல்லாம் தொளதொளன்னு இருக்குடி. ஒரு மணி நேரம் குடு, புதுசா வெட்டித் தரேன்."

"வேணாம் அண்ணி. காலையில நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வேலையில கை வைக்க நீ யாரு?"

அவள் பையிலிருந்து பழைய ராக்கெட்டின் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்தாள். நீளவாக்கில் இரண்டாக அறுத்திருந்தாள். வாயருகே பசை கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. உள்ளே வளையம் உட்கார்ந்த இடத்தில் ஒரு பொட்டுப் பசை இல்லை.

"ரொம்ப இறுக்கமா இருந்தா, உள்ள போறப்பவே பசை வாயில வழிஞ்சு நின்னுடுது. பசை நிக்க கொஞ்சம் இடம் வேணும்."

"இதை எப்ப பாத்த?"

"அன்னிக்கு ராத்திரியே."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க அவ்ளோ பெருமையா சொல்லிட்டு இருந்தீங்க அண்ணி."

ஆறு மாதம். கோபம் போன இடம் தெரியவில்லை. கூசிப்போனேன்.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன். பறக்கறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாலயும் தப்பு என்னுதுன்னு சொல்லணும்."

"முதல்ல குழாயைப் பிடிங்க. பசை கலந்துட்டேன், இறுகிடும்."

பிடித்தேன். வளையம் இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்ததில் குழாய் ஆடியது. "ஆட்டாதீங்க அண்ணி," என்று சொல்லி, என் கையையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.