கால்ல அடிக்கிற மணி

எங்கள் வீட்டில் யாராவது பொய் சொன்னால், "இந்தா, கால்ல மணி அடிக்கிறான்" என்பார்கள். வீட்டில் தொடங்கிய பேச்சு தெருவுக்கும் பரவிவிட்டது. ரெட்டியார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்று, "இந்தா வந்துட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொல்கிறவனைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவன், "நல்லா அடிக்கிறடா கால்ல மணி" என்று சிரிப்பான். எங்கிருந்து வந்த பேச்சு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அது என் அப்பாவைக் கேலி செய்யப் பிறந்தது.

அப்பா ராயப்பராஜ் கல்யாணத்துக்கு முன்னால் கல்கத்தாவில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். தினமும் டிராமில்தான் போவாராம், வருவாராம். ரோட்டின் நடுவே தண்டவாளம், அதன்மேல் ஆடி ஆடி வரும் வண்டி, மரப் பெஞ்சு, தலைக்கு மேல் மின்கம்பி. இதையெல்லாம் தன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பெண் வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுல ஒரு விசேசம் பாருங்க. மணிய டிரைவரு கையால அடிக்க மாட்டாரு. கால்ல மிதிச்சு அடிப்பாரு" என்று சேர்த்துவிட்டார்.

எதிரில் உட்கார்ந்திருந்தது அம்மாவின் அண்ணன் செபஸ்தியான் மாமா. ஊர் மாதா கோயிலில் மணிக்கயிறு இழுக்கிறவர் அவர். கறித்துண்டை இலையிலேயே வைத்துவிட்டார்.

"மாப்ள, மணிங்கிறது சாமி கூப்புடுற சத்தம். அதப் போயி எவனாச்சும் கால்ல மிதிப்பானா?"

"மிதிப்பான் மச்சான். நான் பாத்தேன்."

"அது மட்டும் நெசமா இருந்தா, பெரிய வியாழக்கெழம கோயில்ல சாமியாரு சனங்க காலக் கழுவுற மாதிரி, ஒங்க கால நான் கழுவுறேன்."

பந்தியே சிரித்தது. அம்மா கிளாரா புதுச்சேலையோடு தலையைக் குனிந்துகொண்டாராம். அன்றைக்கு விழுந்த சிரிப்பு இன்றுவரை நிற்கவில்லை.

பிறகு அப்பா திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலைக்குச் சேர்ந்தார். தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களுக்குப் பக்கத்திலேயே நின்று, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. ஆனால் மாமா வாயைத் திறந்து 'கால்ல' என்று உதட்டை அசைத்தால் மட்டும் அப்பாவுக்குப் புரிந்துவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கும் கல்கத்தாவில் தோல் கம்பெனியில் வேலை கிடைத்தது. ரயிலேறும்போது அப்பா என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "டிராமு இன்னும் ஓடுதாம்ல, பிராங்கு? மணிய மிதிக்கிற அந்தக் கால மட்டும் ஒங்க மாமனுக்குக் காட்டிருடா."

நான் பயந்த சுபாவம். புது ஊர், புது பாஷை. "என்னப்பா" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதற்கு, கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். வங்காளத்தில் 'பா' என்றால் கால். அதிலிருந்து வாயைத் திறக்கவே யோசனை. டிராமில் பலமுறை ஏறினேன். டிரைவர் பக்கத்தில் போய், "உங்க காலைப் படம் எடுக்கணும்" என்று எப்படிக் கேட்பது? வெளியிலிருந்து டிராமைப் படம் எடுத்து அனுப்பினேன். மாமாவிடமிருந்து பதில் வந்தது: "வண்டி தெரியுது. காலு தெரியல."

திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தடத்தில் டிராம் நாளையோடு கடைசி. அப்புறம் தண்டவாளத்தின் மேல் தார் போட்டு மூடிவிடுவார்கள்.

நாளையை விட்டால் அப்பா சாகும்வரை பொய்யர்தான்!

அப்பாவுக்குப் போன் பேசினால் கேட்காது. எழுத்தாக இருந்தால் வாசித்துவிடுவார். என் விரலுக்குத் தமிழ் தட்டத் தெரியாது என்பதால் நான் எப்போதும் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும். அன்றைக்கும் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனை வாயருகே வைத்துச் சொன்னேன்: "அப்பா, நாளைக்குக் காலைல டிராம் வருதுப்பா, வீடியோல. மாமாவ கூட்டிட்டு ரெடியா இருங்க."

சுற்றிலும் ஹாரன் சத்தம். எழுதியது சரியா என்று பார்க்கவில்லை. அப்பாவிடமிருந்து கட்டைவிரல் வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

போன் எழுதியிருந்தது இதுதான்: "அப்பா நாளைக்கு காலைல டிரம் வருதுப்பா வண்டில மாமாவ கூட்டிட்டு ரெடியா இருங்க."

அம்மா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது தண்ணீர் பிடித்து வைக்கப் பெரிய நீல டிரம். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்குத் தெரியும்? சம்பளம் வந்ததும் வாங்கித் தருகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆக, வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா முற்றத்தில் இடம் ஒழித்து, நாலு செங்கல் அடுக்கி, அதைச் சாணி போட்டு மெழுகியும் வைத்துவிட்டார்.

மாமாவுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்ததாம். "திண்டுக்கல்ல இல்லாத டிரம்மா? இதுக்குக் கல்கத்தாவுல இருந்து ரயில் ஏத்தி விடுறான், கூறுகெட்ட பய."

"அந்த ஊரு டிரம்மு கெட்டியா இருக்கும்ணே" என்று அம்மா வாயை அடைத்திருக்கிறார்.

கல்கத்தாவிலிருந்து வருவது ரயிலில்தான் வரும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சனிக்கிழமை காலை மாமா தன் குட்டியானை வண்டியில் தக்காளிப் பெட்டிகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அப்பாவையும் நான்சி அக்காவையும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டார். அப்பாவுக்குக் காது கேட்காதே, கவுண்டரில் பேச ஆள் வேண்டும் என்று அக்கா கூடப் போயிருக்கிறாள்.

இங்கே நான் டிராமுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் என்று ஊரே ஏறியிருந்தது. வண்டியின் நெற்றியில் செவ்வந்தி மாலை. கிழவர்கள் ஜன்னல் கம்பியைத் தடவுகிறார்கள். காலேஜ் பெண்கள் பாடுகிறார்கள். ஒருத்தர் பேரனைத் தோளில் தூக்கிவைத்து ஒவ்வொரு தெருவாகக் காட்டுகிறார். முன்னால் டிரைவர் ஒரு பெரிய பித்தளைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றார். டாங், டாங் என்று மணி கேட்கிறது. கால் மட்டும் தெரியவில்லை. எத்தனை முதுகுகள் நடுவில்!

அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏலே, எங்கடா டிரம்மு?" அக்கா முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே சத்தம் வந்துவிட்டது. "இங்க அப்பிடி ஒண்ணுமே வரலங்கிறாங்க!"

"எந்த டிரம்மு? நீ எங்கக்கா நிக்கிற?"

"பார்சல் ஆபீஸ்ல. நீதானடா டிரம் வருதுன்ன?"

"டிரம்மு இல்லக்கா, டிராமு! டிராமு!"

"அதத்தான் நானும் கேக்குறேன். எத்தன லிட்டரு?"

"அய்யோ, அக்கா! டிராம் வண்டி! அப்பா சொல்வாருல்ல, ரோட்டுல ஓடுமே!" போனைத் திருப்பிக் காட்டினேன். "இன்னைக்கோட இது கடைசி. அப்பாகிட்ட குடு, சீக்கிரம்!"

அக்கா திரும்பி, "மாமா, டிரம் வரல. டிராம் வந்துருக்கு!" என்று கத்தினாள்.

அங்கே என்ன நடந்தது என்று அக்கா பிறகு சொன்னாள். பார்சல் மூட்டை ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். அப்பா குனிந்து பார்த்தவர், மரப் பெஞ்சைக் கண்டதும் தோள்துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாராம். நிலக்கோட்டைப் பூக்கூடை இறக்க வந்தவர்கள், சுமை தூக்குகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது எனக்கே போனில் தெரிந்தது. "நல்லாருக்குடா வண்டி. சோடிச்ச தேரு மாதிரி இருக்கு. காலு எங்க?"

"இருங்க மாமா, வாரேன்!"

முதுகுகளை விலக்கிக்கொண்டு முண்டினேன். ஒரு குடை வயிற்றில் குத்தியது. கண்டக்டர் ஏதோ திட்டினார். புரியாதது நல்லதாகப் போயிற்று. டிராம் ஒரு வளைவில் திரும்ப, கூட்டம் ஒரு பக்கமாகச் சாய, அந்தச் சாய்வோடு சாய்ந்து டிரைவரின் பின்னால் போய் விழுந்தேன். என்ன கேட்பது? மூன்று மாதத்தில் படித்த ஒரு வங்காளச் சொல்லும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்பா! யப்பா! இங்க பாருங்கப்பா!"

டிரைவர் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பாயே கீ ஹோலோ?" என்றார் என்னிடம். காலில் என்ன ஆச்சு என்று கேட்கிறார்!

கடவுளே வந்து வழி திறந்த மாதிரி இருந்தது. "பா! பா!" என்று அவர் காலைக் காட்டினேன். பிறகு போனில் தெரியும் அப்பாவைக் காட்டினேன். "ஆமார் பாபா... பா தேக்பே!" என் அப்பா கால் பார்ப்பார். சரியோ தப்போ, சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். போனில் இருந்த அப்பா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர் என்ன நினைத்தாரோ, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். எண்ணெய்க் கறை படிந்த பலகை. அதில் தேய்ந்து மினுக்கும் ஒரு பித்தளைக் குமிழ். அதன் பக்கத்தில் ரப்பர் செருப்பு போட்ட, பித்தவெடிப்பு விழுந்த கால். போனைக் கிட்டே கொண்டுபோனேன். கால் எழும்பியது.

படம் அப்படியே நின்றுவிட்டது.

"இந்தா, நின்னுபோச்சு!" மாமாவின் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. "காலு மேல நிக்கிது. மணி எங்க? கால யாருதான் தூக்கல? நானுந்தான் தூக்குறேன்!"

பார்சல் ஆபீஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் ஏறும், என்னைத் தூக்கிப் பின்னால் தள்ளிவிடும். "வா, வா, வா" என்று போனைக் கெஞ்சினேன்.

அப்பாவுக்குச் சிரிப்பும் கேட்கவில்லை, கேலியும் கேட்கவில்லை. நின்றுபோன அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு, பார்சல் ஆபீஸ் தரையில் ஓங்கி மிதித்தார். இரண்டு மிதி. கொஞ்சம் விட்டு, ஒரு மிதி. மறுபடியும் இரண்டு மிதி. விட்டு, ஒன்று. தனக்கே கேட்காத சத்தத்தை வாயாலும் போட்டார்: "டாங் டாங்... டாங்."

அந்த நேரம் பார்த்துப் படம் ஓடத் தொடங்கியது.

செருப்புக் கால் குமிழை மிதித்தது. இரண்டு முறை. கொஞ்சம் விட்டு, ஒருமுறை.

டாங் டாங்... டாங்.

சிரிப்பு நின்றுவிட்டது என்றாள் அக்கா. அப்பாவும் போனும் சேர்ந்து மிதித்தார்களாம், ஒரே தாளத்தில். பூக்கூடைக்காரர் ஒருத்தர், "அட, கால்லதான்யா அடிக்கிறான்!" என்று கைதட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டு டிரைவர் குனிந்து போனைப் பார்த்தார். அப்பாவின் கால் மிதிப்பதைக் கண்டதும், மாலை போட்ட அந்த வண்டியை நிறுத்தம் வரும்வரை விடாமல் மணியடித்துக்கொண்டே ஓட்டினார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா கட்டிய கையை அவிழ்த்தார். மெதுவாகப் போனுக்குக் கிட்டே வந்தார்.

"பிராங்கு, அந்தாளு சாமி கும்புடுறவர்தானடா?"

"வண்டில சாமி படம் வச்சிருக்காரு மாமா."

"சரி. அப்பிடின்னா பாவமில்லன்னு தெரிஞ்சுதான் மிதிக்கிறாரு." அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏறுங்க மாப்ள, வண்டில. போற வழில ஒரு சோலி இருக்கு."

நான் டிராமில் கடைசி நிறுத்தம்வரை போனேன். எல்லாரும் இறங்கியபிறகும் யாரும் கலையவில்லை. டிரைவர் கைப்பிடியைக் கழற்றித் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். என் தோளில் தட்டி, "பாபா பாலோ?" என்றார். உன் அப்பா நல்லா இருக்காரா? தலையை ஆட்டினேன். காலி வண்டி ஷெட்டுக்குள் போனது. மறுநாள் அந்த ரோட்டில் நடந்தபோது ஒரு இடத்தில் தார் போட்டிருந்தார்கள். செருப்புக்கு அடியில் தண்டவாளம் தட்டுப்படுகிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால், அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே குடும்பக் குரூப்பில் ஒரு படம் வந்தது. முற்றத்தில், மெழுகிய செங்கல்லின் மேல், புத்தம்புது நீல டிரம். மாமா திண்டுக்கல்லிலேயே வாங்கியிருக்கிறார். நாற்காலியில் அப்பா, வேட்டியை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு. கீழே தாம்பாளம். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முட்டி போட்டு அப்பாவின் காலைக் கழுவிக்கொண்டிருக்கிறார் செபஸ்தியான் மாமா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. தெரு மொத்தமும் காம்பவுண்டுச் சுவரில் தொங்குகிறது.

மாமாவின் முகத்தில் அப்படியொன்றும் பணிவு தெரியவில்லை. படத்தின் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "கழுவும்போது மாமா சொன்னது: கால்ல மணி அடிக்கிற ஊர்ல காலு இம்புட்டு அழுக்காத்தான் இருக்கும்."

கடைசியாக அப்பாவிடமிருந்து ஒரு செய்தி. அக்கா சொல்லிக்கொடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் போனிடம் பேசி, போன் எழுதியது. டிரம் வந்துவிட்டது, தண்ணீர் நிறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். போன் இப்படி எழுதியிருந்தது:

"டிராம் வந்துருச்சு பிராங்கு. நெறஞ்சுருச்சு."

சரிதான் என்று கட்டைவிரலை அனுப்பினேன்.