அறுத்துவிட்டுப் போன காடு

லோர்னா பெட்ரோஸ்கியின் கண்ணில் முதலில் பட்டவை பாசியின் மேல் வெள்ளை வெள்ளையாக நின்ற அறுபட்ட காளான் தண்டுகள்தான். கத்தி பட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஈரம் காயவில்லை. பின்னால் காளான் பறிக்கப் பழக வந்த பதினான்கு பேர் காலிக் கூடைகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினான்கு பேரைச் சேர்க்க அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, அமெரிக்காவின் ஆரிகன் மாநில மழையில், நூலக வாசலில் காளான் சங்கத்தின் மேசையைப் போட்டு உட்காருவாள். ஊர்க்காரர்கள் பிளாஸ்டிக் பையில் அழுகி வழியும் காளானைக் கொண்டுவந்து மூக்கின் முன் நீட்டுவார்கள், தின்னலாமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குமட்டினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். சங்கத்தில் மிஞ்சியிருந்தது பதினொரு பேர், எல்லாருமே எழுபதைத் தாண்டியவர்கள். இன்று வந்தவர்கள் மறுபடி வராவிட்டால் அடுத்த வருடம் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

காளான் பொறுக்குகிறவர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. தான் கண்டுபிடித்த இடத்தைக் கட்டிக்கொண்டவரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் யாருடைய ரகசிய இடமும் அல்லாத இந்தப் பூங்காக் காட்டைப் பார்த்துவைத்தாள். மஞ்சள் காளான் நிறைய முளைத்திருக்கிறது, புதியவர்கள் பறிக்கட்டும் என்று சங்கத்தாரிடம் சொன்னாள். சொன்னதுதான் தப்பு.

இரண்டு மகள்களோடு வந்திருந்த யெசேனியா குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "இங்க யாரோ முன்னாடியே வந்துட்டுப் போயிருக்காங்க போல," என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. லோர்னாவுக்குக் காது மடல் சுட்டது.

வண்டி நிறுத்துமிடத்தில் சங்கத் தலைவர் டெல்பர்ட் ஹாகன் வேனில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லோர்னா நேராகப் போய் வேனின் பின்கதவைத் திறந்து, உள்ளே மூடியிருந்த மழைக்கோட்டை இழுத்தாள். நான்கு வாளி மஞ்சள் காளான், விளிம்பு வரைக்கும்.

"சும்மா, எப்படி இருக்குன்னு பாக்கத்தான் வந்தேன். கை சும்மா இருக்கல," என்றார் டெல்பர்ட். "பொடிசெல்லாம் விட்டுதானே வெச்சிருக்கேன்."

"வெக்கமா இல்ல உனக்கு? விருந்துக்குக் கூப்பிட்டுட்டு சட்டியை வழிச்சு நக்கின மாதிரி இருக்கு."

"நீ ரொம்ப யோக்கியம். அவ்வளவு அக்கறைன்னா உன் இடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதானே?"

மனிதர் சிரித்தார். லோர்னாவுக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட, அவர் சொன்னது உண்மை என்பது அருவருப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவளுக்கும் ஓர் இடம் உண்டு. புதியவர்களைக் கூட்டிப்போக இடம் தேடியபோது அது ஒரு நிமிடம்கூட நினைவுக்கு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைப் பொய்.

அவள் எல்லாரையும் கார்களில் ஏறச் சொல்லி, தன் வண்டிக்குப் பின்னால் வரச் சொன்னாள்.

ஓடையைத் தாண்டிச் சரிவில் ஏறியதும் அவளுடைய இடம், மரத்தடியெல்லாம் மஞ்சள். பதினான்கு பேரும் கூச்சலோடு பாய்ந்தார்கள். பாசி நசுங்கியது. ஒருவர் மொட்டுகளின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தார். லோர்னா எப்படி அறுப்பது, எதைத் தொடக் கூடாது என்று காட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொருவரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. டெல்பர்ட்டும் பின்னாலேயே வந்து, வாயைப் பிளந்து நின்று, மெதுவாகக் கத்தியை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நிறைந்த கூடையோடு யெசேனியா வந்தாள். "அடுத்த வாரம் என் தங்கச்சியையும் அவ வீட்டாளுங்களையும் கூட்டிட்டு வரலாமா? இல்ல, இந்த இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாதா?"

சொல்லக் கூடாது என்பது லோர்னாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள்.

"கூட்டிட்டு வாங்க," என்றாள்.