வெறுந்தந்தி

வில்பிரட் வயலினைத் தங்கையின் மடியில் திணித்துவிட்டு, வில்லை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பிடி புள்ள. ஓடாவி மூடியத் தூக்கிட்டான்."

செலீனா வாங்கவில்லை. சவப்பெட்டிக்குள் அப்பா, யாகோப்பு வாத்தியார், கோட்டுப் போட்டுக்கொண்டு நல்ல மனிதரைப்போலப் படுத்திருந்தார். கல்முனைப் பக்கத்தில் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது அவர்தான் வயலின் வாசிப்பார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் செத்தவர்களுக்கும் அவர்தான். ஆணிச் சத்தம் பெண்களின் காதில் விழக்கூடாதாம். ஊரார் காதுக்கெல்லாம் இரக்கப்பட்டவர், பெற்ற மகளின் விரலுக்கு இரங்கவில்லை.

சுண்டுவிரல்தான் வினை. ஒரு தந்தியில் சுண்டுவிரலை எட்டி அழுத்தினால் வருகிற சுரம், அடுத்த தந்தியை விரலே வைக்காமல் இழுத்தாலும் வரும். விரல் கட்டையான செலீனா சுலபமான வழியில் போவாள். "வெறுந்தந்தி சோம்பேறிக்கு!" என்று வில்லாலேயே விரலில் போடுவார். பன்னிரண்டு வயதில் ஒருநாள் வில்லும் முறிந்தது, விரலும் முறிந்தது. வில்லை மட்டும் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தார்.

"சனம் பாத்துட்டு இரிக்கி. வாசிக்காட்டி கைய முறிப்பன். நானும் அப்பாட புள்ளதான்."

வில்பிரட் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் வில்லை வாங்கினாள். பெட்டி செய்த ஓடாவி ஜவுபர் மூடியை வைத்து முதல் ஆணியை அறைந்தான்.

பாட்டின் முதல் வரி சுத்தமாகப் போனது. இரண்டாவது வரியில் அந்தச் சுரம் வந்தது. வளைந்த விரல் எட்டவில்லை, வயலின் கீச்சிட்டது. அடுத்த கணம் செலீனா இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். முப்பது வயதுப் பெண். அடித்த கை மூடிக்குள் போய்விட்டது அவள் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது சுத்தியல் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு அறைக்கும் பெண்கள் ஓலமிட்டார்கள். வில்பிரட் கையை ஓங்கினான்.

தாய் றஞ்சிதமலர் எழுந்துவந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே தள்ளினாள். அந்த வீட்டில் ஓங்கிய கையை அவள் அதுவரை ஒருநாளும் பிடித்ததில்லை.

"விடு மனே," என்றவள் மகளிடம் திரும்பினாள். "மூடியாச்சு புள்ள. உனக்கு ஏலுமான மாதிரி வாசி."

செலீனா முதலிலிருந்து தொடங்கினாள். அந்தச் சுரம் வந்ததும் நாலு விரலையும் எடுத்துவிட்டு, அடுத்த தந்தியில் வில்லை அடியிலிருந்து நுனிவரை இழுத்தாள். வீடு முழுக்க அது கணீரென்று நின்றது.

ஜவுபர் கடைசி ஆணியை மூடியில் நிறுத்தி, அந்தச் சுரம் முடியட்டும் என்று சுத்தியலை ஓங்கியபடி காத்திருந்தான். வில் நுனிக்கு வந்தது. செலீனா அதைத் திருப்பி, அதே தந்தியை மறுபடியும் இழுத்தாள்.