செக்யூரிட்டி கோர்ஸ்

அந்த நீலச் சட்டைக்காரரைக் கம்ப்யூட்டர் சென்டர் மாடிக்குக் காவலுக்கு வந்த புது ஆள் என்றுதான் சுமலதா நினைத்தாள். தோளில் காவல் நிறுவனத்தின் பட்டை, சட்டைப் பையில் விசில். கடைசி வரிசையில் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, க்ளாஸ் ஆரம்பிக்கணும். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?”

“நானும் க்ளாஸுக்குத்தான் மேடம் வந்திருக்கேன்.”

பெயர் வேம்பு. வயது நாற்பத்தொன்று. மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு நான்கு வருடங்களாக உப்பளம் பகுதியில் ஒரு ஏ.டி.எம். வாசலில் நிற்கிறார். முத்தியால்பேட்டையில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த நோட்டீஸில் ‘செக்யூரிட்டி கோர்ஸ், பத்தாவது போதும்’ என்று படித்துவிட்டு யூனிபாரத்தோடு வந்திருக்கிறார். சென்டர் நடத்தும் இராமதாஸ் எழுந்து நின்று நாற்காலி போட்டு, இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் சூப்பர்வைசர் ஆகிவிடலாம் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்.

அது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பாதுகாப்பதற்கான ஆரம்பநிலைச் சான்றிதழ். சென்னைக்குப் போய் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு. பாடம் எடுக்கும் சுமலதாவே அதை இன்னும் எழுதவில்லை. இந்தத் தடவை இவர்களோடு சேர்ந்து எழுதத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் வைரஸ், ஃபயர்வால் என்று ஒரு மணி நேரம் பேசினாள். முடிவில் வேம்பு கை தூக்கினார்.

“மேடம், இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள. நாங்க நிக்கற கேட்டு, வாசல், அதெல்லாம் எப்ப வரும்?”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுமலதாவுக்குக் காது சுட்டது. நேராக இராமதாஸின் அறைக்குப் போனாள்.

“அவரு வாட்ச்மேன் சார். இது என்ன கோர்ஸுன்னே அவருக்குத் தெரியல.”

“சேரும்போது அவரு கேக்கலியேம்மா.”

“நீங்க சொல்லிருக்கணும் சார்.”

“பாடம் எடுக்கறதுதான் உன் வேல. அத மட்டும் பாரு.”

மாடிப்படியில் வேம்புவை நிறுத்தி, அவளே உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் மெல்ல இறுகியது.

“அப்ப என்ன எதுக்குச் சேத்தீங்க?”

‘சேத்தீங்க’ என்ற சொல்லில் அவளும் இருந்தாள்.

மறுநாள் அவர் தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருப்பிக் கேட்டார். சேரும்போது எல்லோருடைய அசலையும் வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது அந்த சென்டரின் வழக்கம். பரீட்சை எழுதினால்தான் கிடைக்கும் என்றார் இராமதாஸ். அவர் நிறுவனத்தில் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலைக்கு அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் வேம்பு வகுப்பில் உட்கார்ந்தார்.

சுமலதா வகுப்பு முடிந்தும் அவரை இருத்தி, ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். சிலது அவருக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. அனுமதியுள்ளவன் பின்னாலேயே அனுமதியில்லாதவன் நுழைந்துவிடுவதை அவள் சொல்லத் தொடங்கியதுமே குறுக்கிட்டார்.

“இது தெனம் நடக்குதே மேடம். முன்னாடி போறவரு கதவத் தொறந்து புடிப்பாரு, மரியாதைக்கு. பின்னாடியே இன்னொருத்தன் வந்து தோளுக்கு மேல நம்பர எட்டிப் பாப்பான். நான் நடுவுல போயி நின்னுக்குவேன்.”

“அதத்தான் பரீட்சைல கேக்கறான்,” என்றாள். அன்றுதான் அவர் முதல்முறையாக நோட்டில் எழுதினார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இராமதாஸ் ஜெராக்ஸ் கட்டு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார். யாரோ திருட்டுத்தனமாகச் சேர்த்த பழைய கேள்விகள், விடைகளோடு. அதற்கு ‘டம்ப்’ என்று பெயர். இனிமேல் பாடம் வேண்டாம், இது போதும் என்றார்.

“தகவல் திருட்டுப் போகாம காப்பாத்தற பரீட்சைக்குத் திருட்டுக் கேள்வித்தாளா சார்?”

“ஊரெல்லாம் இப்படித்தான் பாஸ் பண்றான். நீ வாயப் பொத்திக்கிட்டு இரு.”

ஆங்கிலம் தடுமாறும் வேம்பு, கேள்விகளை விட்டுவிட்டு விடையின் எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்தார். ஒன்றுக்கு பி, இரண்டுக்கு டி, மூன்றுக்கு ஏ. இருநூற்றுப் பத்து எழுத்துகள்.

“வேணாண்ணே. புரிஞ்சத மட்டும் எழுதுங்க.”

“புரிஞ்சிக்கறதுக்கு எனக்கு எங்க மேடம் நேரம்? பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன்,” என்று கத்தினார். அவளும் கத்தினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

சென்னையில், திரையில் கேள்விகளின் வரிசை வேறு, விடைகளின் வரிசையும் வேறு. சுமலதா தேறினாள். வேம்பு தேறவில்லை. திரும்பும் பஸ் மரக்காணத்தைத் தாண்டியது. வேம்பு சொன்னார்:

“அந்தப் பின்னாடி நுழையற கேள்வி வந்துச்சி மேடம். எனக்குத் தெரிஞ்ச கேள்வி. அதுக்கும் பேப்பர்ல இருந்த எழுத்தையே போட்டுட்டேன்.”

அவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இராமதாஸ் மட்டும் அங்கே இருந்திருந்தால் அறைந்திருப்பாள்.

மறுநாள் காலை சென்டரில் அடுத்த வகுப்புக்குச் சேர ஐந்தாறு பேர், பெற்றோரோடு உட்கார்ந்திருந்தார்கள். வேம்பு சான்றிதழைக் கேட்டார்.

“பெயில்தான ஆயிருக்க? இன்னொரு தபா எழுது. அப்பறம் பாக்கலாம்,” என்றார் இராமதாஸ், தலை நிமிராமல்.

சுமலதா இராமதாஸின் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தாள். பீரோவைத் திறந்து கட்டுகளை அள்ளி வந்து, வந்தவர்களுக்கு முன்னால் மேசையில் போட்டாள்.

“பாருங்க. எல்லாம் அசல். முப்பத்தாறு பேரோடது. உங்க பிள்ளைங்களோடதும் நாளைக்கி இங்கதான் கெடக்கும். இவரு வாட்ச்மேன். வாட்ச்மேன் வேலைக்கான கோர்ஸுன்னு பொய் சொல்லிச் சேத்தாங்க. நாலு மாசம் நானும் பாடம் எடுத்தேன்.”

“போலீஸக் கூப்புடுவேன்!” இராமதாஸ் எழுந்தார்.

“கூப்புடுங்க. எந்தச் சட்டத்துல இத வாங்கி வெச்சிருக்கீங்கன்னு அவங்களும் கேக்கட்டும்.”

அவர் போனை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். ஓர் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

“நீ இனிமே இங்க வராத.”

“இத உரியவங்க கைல குடுத்துட்டுப் போறேன். அதுக்கப்பறம் நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

வேம்பு தன் சான்றிதழைத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது சுமலதா கூடவே போனாள்.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“இன்னிக்கி செஞ்சத மொத நாளே செஞ்சிருக்கலாமே மேடம்.” குரல் உயரவில்லை. “உங்கள நம்பித்தான் நாலு மாசம் வந்தேன். என் கோவம் எறங்கல.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் மறுபடி மாடியேறினாள். சேர்க்கைப் படிவங்களில் இருந்த போன் நம்பர்களைப் பார்த்து, முதல் நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

“உங்க சர்டிபிகேட்ட வந்து வாங்கிக்குங்க. இன்னிக்கே வாங்க,” என்றாள். பிறகு அடுத்த நம்பரை அழுத்தினாள்.