ஊதாமல் விட்ட படகு

ஏரியில் ரோந்துப் படகு ஓட்டுவது என் வேலை. துறையிலிருந்து யார் மோட்டார் படகை எடுத்தாலும் முதலில் என் கையிலிருக்கும் கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வேன். நான்கு வருடத்தில் டாக்டரையும் விட்டதில்லை, வக்கீலையும் விட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விட்டது என் அக்கா புருஷனை.

கிட்டே வந்தபோதே பீர் வாடை குப்பென்று அடித்தது. அக்கா தள்ளி நின்று, ஆறு வயது மகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே ரெண்டுதான். குடிக்க மாட்டேன்னு உங்கக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஊத வச்சு மானத்த வாங்கிடாத, தாயே," என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி.

மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு அன்றுதான் இருவரும் சேர்ந்து வெளியே வந்திருந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"மெதுவா போங்க அத்தான். மிதவை தாண்டுற வரைக்கும் ஆள் நடக்கற வேகம்தான்."

"உத்தரவு, ஆபீசரம்மா!"

மிதவை வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார். அதற்கப்புறம் எஞ்சின் அலறியது. நான் திட்டிக்கொண்டே ரோந்துப் படகைக் கிளப்பினேன். பாதி தூரம் போவதற்குள், வேகம் குறையாமலே அவர் வளைத்துத் திருப்பினார். படகு ஒருக்களித்தது. அத்தான் தண்ணீரில் விழுந்தார்.

ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு. அதன் மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் அணையும். ஆனால் எங்கள் ஏரியின் சூரர்களுக்கு அது தொல்லை. எட்டி எதையாவது எடுத்தால் எஞ்சின் நின்றுபோகிறதாம். அதனால் ஸ்டியரிங் தண்டிலேயே சுற்றிக் கட்டிவிடுவார்கள். அத்தானும் கட்டியிருந்தார்.

ஆளில்லாத படகு முழு வேகத்தில் வட்டமடித்தது. வட்டத்துக்குள் அத்தான். லைஃப் ஜாக்கெட்டை மெத்தையாக்கி அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியவர் அவர். இப்போது வெறும் சட்டையோடு தத்தளித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் படகு அவரை நெருங்கி வந்தது. எஞ்சினுக்கு அடியில் சுழலும் விசிறி ஆளைக் கூறுபோட்டுவிடும். உள்ளே புகுந்தால் என் படகும் மோதும். அக்காவும் குழந்தையும் படகின் தரையில் கிடந்தார்கள்.

மைக்கில் கத்தினேன். "அக்கா! அந்தச் சிவப்புக் கயித்தப் பிடிச்சு இழு!"

அவள் தலை தூக்கினாள். ஒரு கையால் மகளை அணைத்திருந்தாள். மறு கை கயிறு வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"அவர் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருடி!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பதினொரு வருடமாக அந்தப் படகில் அவள் பயணி மட்டும்தான். ஒரு திருகைக்கூட அவர் தொட விட்டதில்லை.

"சொன்ன ஆளே சாகப்போறாரு! இழு அக்கா!"

அவர் தலைக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு கை தூரம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள். எஞ்சின் நின்றது. படகின் விளிம்பு அவர் தோளை இடித்துக்கொண்டு போனது.

கரைக்கு வந்ததும் அத்தான் துறைப் பலகையில் குப்புறக் கிடந்து தண்ணீராகக் கக்கினார். தோள் வீங்கியிருந்தது. வேறு காயமில்லை. என் கோட்டுக்குள் சுருண்டு குழந்தை என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையை அணைத்திருந்த கையை எடுக்கவே எனக்குத் தைரியமில்லை.

அக்கா குனிந்து அவர் வாயை முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாரையும் ஊதச் சொல்லுவியே. இவர?"

அத்தான் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் ஆட்டினார், சொல்லாதே என்று. ஏதோ கருவி பழுது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், என்னை எப்போதும் நம்புகிறவள்.

"ஊதச் சொல்லலக்கா. வாடை அடிச்சுது. தெரிஞ்சேதான் விட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. என் எதிரே மண்டியிட்டு, மகள் மேலிருந்த என் கோட்டைக் கழற்றி என் பக்கம் வைத்துவிட்டு, குழந்தையை ஈரத்தோடே வாங்கிக்கொண்டாள்.

"குளுருதும்மா. சித்திகிட்டயே இருக்கேனே," என்றாள் குழந்தை.

"வேணாம். சித்திகிட்ட வேணாம்," என்றாள் அக்கா.