நீலம் பூசிய ஜாக்கி

பட்டறையில் வேலை பார்க்கும் நோஃப்ரிசாலின் வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன, இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சம்சீர் மாமா ஒரு பை நிறைய சாலாக் பழத்தோடு கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் அல்லாவோட நாட்டம்ப்பா. உயிரு தப்பிச்சியே, அதுக்கு நன்றி சொல்லு."

அதைக் கேட்டதும் யுஸ்மனியாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோயாளியின் முன் கத்த வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சோலோக்கிலிருந்து பாடாங்குக்கு இறங்கும் மலைச்சாலையில் அவர்களுடைய லாரிப் பட்டறை இருந்தது. நிலம் அம்மா வழியில் யுஸ்மனியாருக்கு வந்தது. அந்த ஊரில் நிலம் பெண்கள் பக்கம்தான் இறங்கும். மேற்பார்வை தாய்மாமன் கையில் இருக்கும், இங்கே அது சம்சீர் மாமா. சாமான் அறைக்கு மட்டும் அவள்தான் பொறுப்பு. வேலை முடிந்தால் ஜாக்கியின் தண்டை முழுக்க உள்ளே இறக்கி, சேற்றைத் துடைத்து, எண்ணெய் தடவி, பலகைமேல் நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்காவது ஆயில் கசிந்தால் அன்றைக்கே ஓரம் கட்ட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தூக்கியதைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் வைக்காமல் ஒருவரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

"அக்கா இப்ப ஜாக்கிக்குப் பவுடர் போட்டுத் தூங்க வைப்பாங்க, சத்தம் போடாதீங்கடா" என்று நோஃப்ரிசால் கேலி செய்வான். ஆனால் அவள் சொன்னதை மீற மாட்டான்.

கெடுத்தது மாமாதான். அவருடைய நண்பர் ஹாஜி பக்தாருத்தீன் வீட்டுக் கல்யாணத்துக்கு மேடை போட்ட இடம் மேடும் பள்ளமுமாக இருந்ததாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய ஜாக்கியையும் இரண்டு ஸ்டாண்டுகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஸ்டாண்டுகள் திரும்பவே இல்லை. ஜாக்கி மட்டும் வந்தது. நீட்டிய தண்டோடு மழையில் கிடந்து, தண்டு முழுக்கத் துரு, அடியில் ஆயில் கசிவு.

அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் பெரிய குறுக்குக்கோடு போட்டு மூலையில் தள்ளினாள். கசிவை அடைக்கும் ரப்பர் சீல் வாங்க மறுநாளே பாடாங்குக்குப் பஸ் ஏறினாள். அவள் திரும்பி வந்தபோது பட்டறையில் ஆளில்லை. சிமெண்ட் லாரி ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சக்கரத்துப் பக்கம் தரையில் ரத்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் முதலில் அந்த ஜாக்கியைத்தான் போய்ப் பார்த்தாள். பளபளவென்று நீலத்தில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். உள்ளே சிவப்பு தெரிந்தது.

மாமா பின்னாலேயே வந்தார்.

"மாமா, இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான். வர்றவங்க கண்ணுக்கு அசிங்கமா இருந்துச்சு. டிரைவர் வேற அவசரப்படுத்தினான்."

"ஸ்டாண்ட் எங்கன்னு நோஃப்ரி கேட்டானா இல்லையா?"

"கேட்டான். கட்டைய முட்டுக் கொடுத்துக்கன்னேன். ஜாக்கி இறங்கினதும் அது உருண்டுடுச்சு. அவன் நேரம் அப்படி. நம்ம கையிலயா இருக்கு?"

"உங்க கையிலதான் மாமா இருந்துச்சு! ஜாக்கிய மழையில போட்டது அல்லாவா? என் சிவப்புக் கோட்ட மறைச்சது அல்லாவா? நீங்க செஞ்சதுக்கு அல்லா மேல பழி போடாதீங்க!"

"பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?"

"பெரியவங்க செய்யுற வேலையா இது?"

மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவள் கேஸ் கட்டரைப் பற்றவைக்கச் சொன்னாள். ஆயிலை வடித்து, ஜாக்கியைப் பிரித்துப்போட்டு, தண்டைக் குறுக்கே அறுக்க வைத்தாள். இனி எந்தப் பெயிண்டும் அதை வேலைக்கு அனுப்ப முடியாது. பிறகு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் இந்த நிலத்துல ஒரு சக்கரம் கழலாது."

"ஹாஜிகிட்ட போய்க் கேட்டா என் மானம் போயிடும்டி."

"போகட்டும். நோஃப்ரிக்கு விரலே போயிடுச்சு."

இரண்டு ஆட்களோடு அவளே ஹாஜி வீட்டுக்குப் போனாள். கொல்லையில் அந்த ஸ்டாண்டுகள் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்துகொண்டிருந்தன. ஹாஜி சிரித்தபடி வந்தார்.

"வாம்மா, வா. டீ குடி. சம்சீர் எனக்குக் கொடுத்ததுதானே? இப்ப என்ன அவசரம்?"

"டீ வேணாம். தொட்டிய இறக்குங்க. இல்லேன்னா நாங்க இறக்குறோம், தண்ணியோட."

ஹாஜியின் மருமகன்கள் முனகிக்கொண்டே தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியை இறக்கினார்கள். கொல்லை முழுக்கச் சேறானது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். "கல்யாணம் முடிஞ்சு எத்தனை நாளாச்சு, இரவல் சாமான இன்னுமா வச்சிருக்காரு?" என்று ஒருத்தி உரக்கவே கேட்டாள். ஹாஜியின் முகம் செத்துப்போனது.

அன்றிலிருந்து மாமா அவளோடு பேசவில்லை. சாமான் அறைப் பக்கமும் வரவில்லை. பட்டறை மறுபடி ஓடியது.

கட்டுப் பிரித்த பிறகு நோஃப்ரிசால் ஒரு மத்தியானம் வந்தான். பழக்கத்தில் ஸ்பேனரை எடுத்தான். அது விரலில் நிற்காமல் தரையில் விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். மாமா எழுந்து வந்து, குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"என் தப்புதான் நோஃப்ரி" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"பரவால்ல மாமா" என்றான் அவன்.

பக்கத்தில் நின்ற யுஸ்மனியாரின் காதிலும் அது விழுந்தது. பரவாயில்லை என்று சொல்ல அவனுக்கு மனசு இருந்தது. அவளுக்கு வரவில்லை. இதை ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாமே என்றுதான் நினைத்தாள். கையிலிருந்த துணியை உதறிவிட்டு, வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்த்து நடந்தாள்.